பல்லு போனாத்தான் பிரஷர் இறங்கும்

பகலில் பல்வலிக்குக் கொஞ்சம் நாகரிகம் உண்டு. பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீனுக்கு விலை பேசும்போது சும்மா இருக்கும். இரவு படுத்ததும் சொரூபத்தைக் காட்டும். பல்லுக்குள் இருக்கும் கூழ் வீங்கினால் விரிய இடமில்லை. சுற்றிலும் கெட்டிச் சுவர். படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடி, உள்ளே அழுத்தம் ஏறும்.

“பூச்சி அரிச்சிருக்கு” என்றாள் அம்மா. பல்லைப் புழு தின்னுகிறது என்ற கதையை நம்ப முடியாது என்று பாரிஸ் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் 1728-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார். எங்கள் புதுச்சேரி அப்போதே பிரெஞ்சுக்காரர் ஊர்தான். சேதி மட்டும் இன்னும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

எதிர்வீட்டு சொல்தா தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். “பிராந்திய வாயில கொஞ்ச நேரம் வச்சிருந்து துப்பிடு தம்பி” என்றார். துப்புகிற பழக்கம்தான் இந்த ஊரில் யாருக்கும் இல்லையே! மனைவி கிராம்புத் தைலம் வைத்தாள். அதிலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். நாக்கும் சேர்ந்து மரத்ததால் அன்றிரவு வீட்டில் சண்டையில்லை.

இத்தனூண்டு பல்லுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மூளையில் முதுகு முழுவதுக்கும் கிடைத்திருப்பது துளி இடம். வாய்க்கும் முகத்துக்கும் தாராளம். மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டு 1937-இல் படமே போட்டுக் காட்டினார். முகத்துச் சேதியெல்லாம் ஒரே முக்கிளை நரம்பு வழியாகப் போவதால் மூளைக்கும் குழப்பம்: கெட்டது கீழ்ப்பல், வலிப்பது காது!

பல் கிளினிக்கில் முதலில் கையைத்தான் கேட்டார்கள். பிரஷர் 160/100.

“பிரஷர் குறைஞ்சாத்தான் சார் பல்லு எடுப்பாங்க” என்றார் நர்ஸ்.

“பல்லு போனாத்தாம்மா பிரஷரே குறையும்!”

டாக்டர் என் கட்சி. வலி வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் ஓடும், ரத்தக்குழாய் சுருங்கும், அளவு ஏறும். அந்த நாற்காலியைப் பார்த்த பயம் இன்னும் கொஞ்சம் ஏற்றும். வலியோடு எடுத்த ஒரே அளவை வைத்து ரத்தக்கொதிப்பு என்று முத்திரை குத்தக்கூடாது. வலி அடங்கியபின் மறுபடி பார்க்க வேண்டும். அதற்காக அலட்சியமும் கூடாது. உண்மையிலேயே கொதிப்பு இருப்பவருக்குப் பல்வலி அதை மேலும் கிளப்பிவிடும். பிறகு ஊசி போட்டு, மரத்து, கொஞ்சம் ஆறவிட்டுப் பார்த்தால் 130/84. கடைவாய்ப் பல் கையோடு வந்தது.

முதல் அளவு எழுதிய சீட்டு மட்டும் மனைவி கையில் சிக்கிவிட்டது. உப்பு ஆகாதென்று ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. இரண்டாவது சீட்டை நீட்டி மேல்முறையீடு செய்தேன்.

வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னாள்: “கடிக்கப் பல்லே இல்ல, ஊறுகா எதுக்கு?”