தீர்ப்பு இல்லாத பஞ்சாயத்து

வாங்க மாப்ளே. ரெண்டு பேரும் மதுரைக்கு மனநல ஆலோசனைக்குப் போறீகளாம்ல? வேப்பமரத்தடியில ஓசியில தீர்ப்புச் சொல்ற மாமனை விட்டுட்டு, காசு குடுத்துத் தீர்ப்பே சொல்லாத எடத்துக்குப் போறீக. வெவரமான ஆளுதான்!

அங்க ஆலோசனை சொல்ற அம்மா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாமே. மாத்திரை எழுதமாட்டாக, அது சைக்யாட்ரிஸ்ட் வேலை. இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, அதான் ஆர்.சி.ஐ.ல, பதிஞ்ச நம்பர் இருக்கான்னு பார்த்தீகளா? ஆடு வாங்கினாலே பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற வம்சம் நாம.

பொண்டாட்டி என்னைக்கெல்லாம் சத்தம் போட்டான்னு தேதிவாரியா போன்ல குறிச்சுக் கொண்டு போனீகளாமே? அந்தப் புள்ளதான் சொல்லுச்சு, சிரிச்சுக்கிட்டேதான். எங்கிட்ட அதை நீட்டியிருந்தா அப்பவே உங்க பக்கம் ஜெயிச்சிருக்கும். ராத்திரி சட்டி பறந்திருக்கும், அது வேற. அந்தம்மா லிஸ்டைத் தொடவே இல்லையாம். “அவங்க சத்தம் போடுறப்ப உங்க உடம்புல என்ன நடக்குது?”ன்னு கேட்டாகளாம். மாப்ளை முழிச்ச முழி இருக்கே!

சியாட்டில்ல காட்மன்னு ஒரு ஆளு, புருசன் பொண்டாட்டியை வாக்குவாதம் பண்ணவிட்டு நெஞ்சுத் துடிப்பை அளந்தாராம். பேத்தி போன்ல காட்டுனா. நிமிசத்துக்கு 100-ஐத் தாண்டிட்டா எதிராளி பேச்சு காதுல ஏறாது, கொறைஞ்சது 20 நிமிசம் தள்ளி இருந்துட்டு வாங்கங்கிறார். அந்த 20 நிமிசமும் ‘இனி எதைச் சொல்லி மடக்கலாம்’னு யோசிச்சா கணக்குல சேராது, ஆமா. எல்லாத்துலயும் மோசம் ஏளனமாம். கண்ணை உருட்டுறது, உதட்டைச் சுழிக்கிறது. அதையும் புடுங்கிட்டா நம்ம சொந்தபந்தம் கல்யாண வீட்டுல என்னத்தப் பேசும்? தம்பதிக தகராறுல நூத்துக்கு 69 தீரவே தீராத ரகம்னும் சொல்லிப்புட்டார். தீராததுக்கு எங்கேருந்து தீர்ப்பு?

அந்தப் புள்ள தட்டு விழுந்தாலே பதறுதே, அது அவ அப்பன் குடிச்சிட்டுப் பாத்திரத்தை எறிஞ்ச வீட்டுலருந்து வந்தது. நம்ம கெழவிக “மறந்துரு தாயி”ன்னு வைத்தியம் பார்த்தாளுக. பதறல் போகலை. உடம்பு மறக்கணும்ல? அங்க மொத நாளே கிளற மாட்டாக. இப்ப இருக்கிற எடம் பத்திரம்னு மனசுக்குப் படணும், அப்புறம்தான் பழைய கதை, அதுவும் அவ சொல்ற அளவுக்கு. ஜூடித் ஹெர்மன்னு ஒரு டாக்டரம்மா 1992-லயே எழுதிவச்ச வரிசையாம் அது. பக்கத்துல உக்காந்து “சீக்கிரம் சொல்லு”ன்னு தொடையைத் தட்டாதீக.

தனித்தனியா கூப்பிட்டுக் கேட்டாகன்னு ரோசப்பட்டீகளாம். கை நீட்டுற வீடான்னு தெரிஞ்சுக்கத்தான் கேப்பாக. அப்படிப்பட்ட வீடுன்னா ஒண்ணா உக்காரவச்சுப் பேசுறதில்ல. அங்க உண்மையைச் சொல்லிட்டு இங்க வந்து அடி வாங்கணுமா அவ?

அடுத்த தடவை அந்த லிஸ்டை அழிச்சிட்டுப் போங்க. இல்ல, அழிக்காதீக. உங்க அத்தை என்மேல ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கா, மாதிரிக்கு வேணுமாம். கெழடுகளைச் சேர்ப்பாகளான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. ஃபீஸ் உங்க கணக்கு.