விமானம் தவிர மற்றதெல்லாம் தயார்

பெறுநர்:
செயலர் அவர்கள்,
மத்திய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம்,
ராஜீவ் காந்தி பவன், சஃப்தர்ஜங் விமான நிலையம்,
புது தில்லி.

பொருள்: நெய்வேலி விமான நிலையத்தில் இறங்கும் பயணி ஊருக்குள் செல்ல உகந்த வாகனம் எது எனத் தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

உங்கள் முகவரியை எழுதும்போதே எனக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது. நாட்டின் விமானத்துறை அமைச்சகமே, பயணிகள் விமானம் எதுவும் வந்து இறங்காத ஒரு விமான நிலையத்தில்தான் குடியிருக்கிறது. எங்கள் நிலைமை உங்களுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? என்ன, உங்களுக்கு வாசலுக்குப் பக்கத்திலேயே ஜோர்பாக் மெட்ரோ இருக்கிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எந்தப் பெருநகர விமான நிலையத்தில் இறங்கினாலும் பயணிக்கு முதலில் வரும் குழப்பம், ஊருக்குள் எதில் போவது என்பதுதான். நெய்வேலி விமான நிலையத்துக்கும் என்.வி.ஒய். என்ற மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது. ஆகவே அந்தக் குழப்பத்துக்கான உரிமை எங்களுக்கும் உண்டு. மெயின் பஜாருக்கு ஆட்டோ பிடிப்பதா, சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கு யாராவது டூவீலரில் வந்து கூட்டிப்போவார்களா, அல்லது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மர நிழலில் நடந்தே வீடிருக்கும் வட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாமா? கோடு போட்டு வரைந்த டவுன்ஷிப் இது. வட்டங்களுக்கு எண் உண்டு, வீட்டுக்கு எண் உண்டு, வழி கேட்டால் சொல்ல ஆளும் உண்டு. பத்தொன்பது பேர் உட்காரும் விமானம் வந்தால் ஏழு ஆட்டோ போதும், ஏழாவது ஆட்டோவில் ஒருவர் கால் நீட்டியே போகலாம். ஊபர், ஓலாவுக்கென்று தனி வாகன நிறுத்தம், அதற்கு ஒரு பேட்டரி வண்டி, அந்த வண்டிக்கு ஒரு வரிசை என்கிற தொல்லையெல்லாம் இங்கே கிடையாது. கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு இவ்வளவு கச்சிதமான ஏற்பாடு நாட்டிலேயே வேறு எங்கும் இருக்காது. அதற்கு முந்தைய இருநூறு கிலோமீட்டரை மட்டும் தாங்கள் கொஞ்சம் கவனித்தால் போதும்.

எங்களுக்கு விமானமே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். வாயுதூத் விமான நிறுவனம் இருந்த காலத்தில் சென்னையிலிருந்து இங்கே விமானம் வந்து போனது. 1993-ல் வாயுதூத்தை இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்த்தார்கள். அதன் பிறகு ஓடுபாதை இருந்தது, ஓடத்தான் எதுவும் இல்லை. பிறகு 2017 மார்ச்சில், சிற்றூர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தின் முதல் சுற்றில் 128 வழித்தடங்களை அறிவித்தீர்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய்தான் உச்சம், பாதி இருக்கைகளாவது அந்த விலைக்கு என்றீர்கள். ஹவாய் செருப்புப் போட்டவரும் விமானத்தில் பறப்பார் என்றீர்கள். பட்டியலில் நெய்வேலியும் இருந்தது. அன்றைக்கே எங்கள் ஊரில் புதுச் செருப்பு வாங்கியவர்கள் உண்டு. அந்தச் செருப்பெல்லாம் தேய்ந்து, வார் அறுந்து, குப்பைக்குப் போய் நாளாகிவிட்டது. ஓடுபாதை சீரமைப்பு நடந்தது, பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். அவர்களும் காரில்தான் வந்தார்கள்.

நெய்வேலிக்கு மட்டும் ஓரவஞ்சனை என்று புகார் சொல்ல மாட்டேன். தணிக்கைத் துறை 2023-ல் தந்த அறிக்கையைப் படித்ததும் அந்த மனக்குறை நீங்கிவிட்டது. உடானின் முதல் மூன்று சுற்றுகளில் கொடுத்த 774 வழித்தடங்களில் 403-ல் விமானம் புறப்படவே இல்லையாம். சலுகைக் காலமான மூன்று ஆண்டுகளையும் முடித்து, அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. நாங்கள் பெரும்பான்மைக் கட்சியில் இருக்கிறோம். வேலூரும் எங்களோடுதான் காத்திருக்கிறது. சேலத்துக்கு 2018-ல் விமானம் வந்தது, நின்றது, 2023-ல் மறுபடி வந்தது. சேலத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். விமானம் போய்விட்டதே என்று வருத்தப்படவாவது அவர்களுக்கு வழி இருந்தது.

சரி, இடைக்காலத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்குகிறோம். பாஸ்டனிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் பிள்ளை வெளியே வந்து நிற்கிறான். தி.நகர்க்காரனுக்கு டாக்சி, மெட்ரோ, மின்சார ரயில், மாநகர பஸ் என்று நாலு வழி. நாலும் வீட்டுக்குப் போகும். நெய்வேலிக்காரனுக்கும் அதே நாலு வழிதான், ஆனால் ஒவ்வொன்றும் இன்னொரு வண்டிக்குத்தான் கொண்டுபோய் விடும். மெட்ரோ குளிரூட்டப்பட்டது, சுத்தமானது, நேரத்துக்கு வருவது. அதில் ஒரே ஒரு குறை: அது வடக்கே போகிறது. நெய்வேலி தெற்கே இருக்கிறது.

இதில் ஒரு சோகக் கதை உண்டு. 2016 செப்டம்பரில் விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்தது. ஆலந்தூரில் மாறினால் கோயம்பேடு பஸ் நிலைய வாசலிலேயே இறங்கலாம். அங்கே பண்ருட்டி வழி பஸ் நிற்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக விமானமும் ரயிலும் பஸ்ஸும் எங்களுக்காகக் கைகோத்து நின்றன. பொறுக்குமா? 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கத்தில் புதுப் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள், எங்கள் பஸ்ஸும் அங்கே போய்விட்டது. மெட்ரோ போகவில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோவை நீட்டும் திட்டம் காகிதத்தில் பலமுறை போய்த் திரும்பியிருக்கிறது. காகிதம் எப்போதும் நேரத்துக்குப் போய்ச் சேரும். எனவே பிள்ளை இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையைச் சுரங்கப்பாதையில் தாண்டி, திரிசூலத்தில் செங்கல்பட்டு வண்டிக்கு நிற்கிறான். அல்லது டாக்சிக்குப் பணத்தைக் கொட்டி கிளாம்பாக்கம் போகிறான். அங்கிருந்து திண்டிவனம், விக்கிரவாண்டி. அதற்குப் பிறகு வருவது நான்குவழிச் சாலையா, நான்கு வழியாகப் போகும்படியான வேலையா என்பதை வருஷக்கணக்காக எங்களால் சொல்ல முடியவில்லை. அரபிக்கடலைத் தாண்டி வந்த களைப்பைவிட பண்ருட்டியைத் தாண்டிய களைப்புதான் அவன் முகத்தில் தெரிகிறது. ஆர்ச் கேட்டில் இறங்கியவனைப் பார்த்து அப்பா கேட்கிறார்: “பிளைட் லேட்டாப்பா?”

மெட்ரோவும் பஸ்ஸும் உங்கள் இலாகா இல்லை என்பது எனக்குத் தெரியும். விமானம் உங்களுடையது, மெட்ரோ அவர்களுடையது, பஸ் இவர்களுடையது, சாலை இன்னொருவருடையது. பெட்டி மட்டும் எங்களுடையது.

ஆகவே விமானம் வேண்டும் என்று கேட்க மாட்டேன். கேட்டால் கொடுத்துவிட்டோமே என்று 2017 அறிவிப்பைக் காட்டுவீர்கள். என் வேண்டுகோள் சிறியது. 2016 டிசம்பர் முதல், பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்களிடம் சிற்றூர்களுக்கு விமானம் விடுவதற்கென்று ஒரு தீர்வை வாங்குகிறீர்கள். நிறுவனங்கள் அதைத் தங்கள் பாக்கெட்டிலிருந்தா கட்டுகின்றன? சென்னையிலிருந்து தில்லிக்குப் பறக்கும் நெய்வேலிக்காரனும் தன் ஊருக்கு வராத விமானத்துக்கு ஒவ்வொரு டிக்கெட்டிலும் மொய் எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். அந்த மொய்க்கணக்கிலிருந்து எடுத்து, மீனம்பாக்கத்தில் இறங்கும் எங்கள் ஆட்களுக்குக் கிளாம்பாக்கம் வரை ஒரு வேனும், அங்கே நெய்வேலி பஸ்ஸில் ஒரு ஜன்னல் சீட்டும் வாங்கித் தர ஆணையிடுங்கள். பெட்டி வைக்க டிக்கியில் இடமும் சேர்த்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்துப் பக்கம் குடியிருப்பவன்.