மானத்தோடு நாமும் கப்பலேறுவது எப்படி?

பழைய கல்லூரி செட், பதினாறு பேர். கொச்சியிலிருந்து கப்பலில் லட்சத்தீவு. யாரோ ஒருவர் கல்யாணப் பந்தியில் வாய்தவறிச் சொல்ல, எல்லோரும் "போறோம்டா" என்று மேசையைத் தட்டிவிட்டீர்கள். வாழ்த்துகள்! பாதி வேலை முடிந்தது. மீதி வேலையை நீங்கள் செய்யப்போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத் திறம்படச் செய்யாமலிருக்கத்தான் இந்த வழிகாட்டி. புதிதாக எதையும் கற்க வேண்டாம். வழக்கமாகச் செய்வதை முறைப்படி செய்தால் போதும்.

1. ஆளைப் பிடியுங்கள்

எந்த செட்டிலும் பொறுப்பு என்ற வியாதி உள்ள ஒருவன் இருப்பான். ரெக்கார்டு நோட்டைக் கெடுவுக்கு முன்பே முடித்தவன். நண்பர்கள் வீட்டு விசேஷத்தில் சாம்பார் வாளியைத் தானாகத் தூக்கியவன். அவன் தலையில் மொத்தத்தையும் கட்டுங்கள். "நீதான்டா இதுக்குச் சரியான ஆளு" என்ற ஒரு வரி போதும். பயணம் முடியும்வரை அவனுக்கு நீங்கள் சொல்லப்போகும் கடைசி நல்ல வார்த்தை அதுதான், ஆகவே கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள். இனி அவனை ஏற்பாட்டாளன் என்போம். இந்த வழிகாட்டி அவனுக்கானதல்ல. மற்ற பதினைந்து பேருக்கானது.

2. வாட்ஸப் குழு தொடங்குங்கள்

அதாவது, அவனைத் தொடங்கச் சொல்லுங்கள். பெயரை மட்டும் நீங்கள் மாற்றிக்கொண்டே இருங்கள். முகப்புப் படமாக, தண்ணீருக்கு மேல் குடிசை கட்டிய மாலத்தீவுப் படத்தைப் போடுங்கள். "மச்சி, லட்சத்தீவுல இது கிடையாது" என்று அவன் பதறுவான். "ரெண்டும் பக்கத்துலதானே" என்று முடித்துவிடுங்கள். மினிக்காய்த் தீவுக்குத் தெற்கே எட்டாம் பாகைக் கால்வாயைத் தாண்டினால் மாலத்தீவுதான். ஆகவே நீங்கள் சொன்னது பாதி உண்மை. குழுவை உயிரோடு வைத்திருப்பதற்குப் பாதி உண்மையைவிடச் சிறந்தது எதுவுமில்லை.

லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்புக்கு ஸ்போர்ட்ஸ் என்று பெயர். பகலில் தீவு, இரவில் கப்பல் என்று கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் காட்டும் 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் சுற்று அவர்களுடையது. அவன் இதையெல்லாம் படித்து, நீளமாக ஒரு செய்தி போடுவான். நீங்கள் முதல் வரியைத் தாண்டாமல் பதில் எழுதுங்கள்: "ஸ்போர்ட்ஸா? எனக்கு முட்டி வலிடா."

3. தேதியில் தாராளமாக இருங்கள்

"எனக்கு எப்ப வேணா ஓகே." இதை முதல் ஆளாகப் போடுங்கள். அவன் வாக்கெடுப்பு வைத்தால் எல்லாத் தேதியையும் தட்டுங்கள். முடிவானதும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நவம்பரில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை. மார்ச்சில் ஆடிட்டிங், கூடவே பையனுக்குப் பொதுத்தேர்வு. தை மாசி முழுக்க முகூர்த்தம். கடைசியில் எல்லோரும் ஒருமனதாகச் சேரும் ஒரே மாதம் ஜூலை.

சுற்றுலா அக்டோபரிலிருந்து மே பாதி வரைதான், அதற்குப்பின் தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் என்று அவன் விளக்குவான். "நீ எதுக்கெடுத்தாலும் நெகட்டிவாவே பேசுறே" என்று வருத்தப்படுங்கள்.

4. ஆவணம் கேட்டால் அரசியல் பேசுங்கள்

இந்தத் திட்டத்தில் உங்கள் திறமை முழுதாக வெளிப்படும் இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

தீவுக்காரர் அல்லாதவர்கள் லட்சத்தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். 1967ஆம் ஆண்டு விதிகளிலிருந்தே உள்ள நடைமுறை. சின்னஞ்சிறு தீவுகளில் வாழும் பழங்குடி மக்களை வெளியாள் கூட்டம் மூழ்கடித்துவிடக் கூடாது என்ற அக்கறை அதன் பின்னால் இருக்கிறது. அதற்கு ஆதார், புகைப்படம், காவல்துறையின் நன்னடத்தைச் சான்று எல்லாம் வேண்டும் என்று அவன் கேட்பான்.

உடனே கொதித்தெழுங்கள். "நம்ம நாட்டுக்குள்ள போறதுக்கு நமக்கே பர்மிட்டா?" இந்த ஒரு கேள்வி குழுவில் நான்கு நாள் ஓடும். காஷ்மீர், கச்சத்தீவு, சுங்கச்சாவடி என்று கிளை பிரியும். கச்சத்தீவுக்கும் கவரத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவனை இரண்டு நாள் யாரும் மதிக்கக் கூடாது.

விவாதம் ஓய்ந்ததும் ஆதாரை அனுப்புங்கள். பின்பக்கம் மட்டும். மேசை விளக்கின் ஒளி சரியாக எண்ணின்மேல் விழும்படி எடுத்த படமாக இருந்தால் நல்லது. முன்பக்கம் கேட்டால், கட்டைவிரல் பெயரை மறைக்கும்படி எடுத்து அனுப்புங்கள். புகைப்படத்துக்கு, போன மாதம் ஏற்காட்டில் கறுப்புக் கண்ணாடியோடு எடுத்ததை வெட்டி ஒட்டுங்கள். நன்னடத்தைச் சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று அவன் இணைப்பு அனுப்புவான். அதற்குக் கட்டைவிரல் உயர்த்திய படத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். கடைசிநாள் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள்: "ஸ்டேஷன்ல உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

5. பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்

முன்பணம் கேட்டதும், "பதினாறு பேர் சேர்ந்ததும் மொத்தமாப் போட்டுடலாம்" என்று எழுதுங்கள். பதினைந்து பேரும் இதையே எழுதினால் பணம் சேராது. அழகே அதில்தான் இருக்கிறது.

அந்தக் கப்பல்கள் உல்லாசத்துக்காக மட்டும் கட்டியவை அல்ல. தீவு மக்கள் கொச்சிக்கு வைத்தியத்துக்கு வருவதும், பிள்ளைகள் படிக்க வருவதும் கப்பலை நம்பித்தான். எம்.வி. கவரத்தியில் 700 பேர் போகலாம் என்றாலும் எழுநூறும் உங்களுக்காகக் காத்திருக்காது. இடம் போய்விடும் என்று பயந்து அவன் தன் கிரெடிட் கார்டைத் தேய்ப்பான். நீங்கள் எதிர்பார்த்தது அந்தக் கணத்தைத்தான். இனி அவசரமில்லை. சர்வர் வேலை செய்யாத நாளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பி, "போட்டாச்சு, பார்த்துக்க" என்று சொல்லுங்கள்.

பிறகு ஏழு பேர் விலகுங்கள். ஒரே நாளில் அல்ல, தினம் ஒருவராக. காரணம் எதுவானாலும் கடைசி வரி ஒன்றே: "என் பணத்தை மட்டும் திருப்பிடு மச்சி." கட்டாத பணமாக இருந்தாலும் கேட்டுவைப்பது நல்லது.

6. பெட்டி கட்டுங்கள்

லட்சத்தீவில் பங்காரம் தவிர மற்றெங்கும் மதுவிலக்கு. இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியதோ, அதையே செய்யுங்கள். ஷாம்பு பாட்டில், இருமல் மருந்து பாட்டில், குழந்தையின் தண்ணீர் பாட்டில். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உங்கள் பெட்டியில் வைக்காதீர்கள். குழுத் தலைவன் என்று எல்லாப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டவன் பெட்டியில் வையுங்கள். பிடிபட்டால் பேச அவன்தான் பொருத்தமான ஆள்.

7. கொச்சிக்குப் போய்ச் சேருங்கள், ஆனால் வேறிடத்துக்கு

கப்பல் ஏறுமிடம் வெலிங்டன் தீவு. நீங்கள் ஃபோர்ட் கொச்சிக்குப் போய்ச் சீன வலைகளைப் பாருங்கள். பயணிகள் வந்துசேர வேண்டிய நேரம் வேறு, கப்பல் கிளம்பும் நேரம் வேறு. இரண்டாவதை மட்டும் நினைவில் வையுங்கள். அவன் போன் செய்யும்போதெல்லாம் "பாலத்துல வந்துட்டே இருக்கோம்" என்று சொல்லுங்கள். கொச்சியில் எப்போதும் ஏதாவதொரு பாலம் இருக்கும், பொய்யாகாது.

தவறிவிட்டாலும் கவலை வேண்டாம். வெலிங்டன் தீவும் தீவுதான். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் காயலைத் தூர்வாரித் துறைமுகம் அமைத்தபோது, வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது. "தீவுக்குத்தான் வந்தாச்சே, ரூம் போடு" என்று அவனிடமே சொல்லிப் பாருங்கள்.

8. முதல் இரவைக் கொண்டாடுங்கள்

தீவுகள் கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர். போய்ச்சேர 14 முதல் 18 மணிநேரம். ஏறுவதற்கு முன் வயிறு நிறையப் பரோட்டாவும் எண்ணெய் மிதக்கும் குழம்பும். குமட்டல் மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே போட வேண்டும் என்று அவன் நீட்டுவான். "நான் பார்க்காத கடலா?" என்று மறுத்துவிடுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. நீங்கள் மேல்தளத்தில் முன்னோக்கிப் போய் நின்று, தொடுவானத்தைப் பார்க்காமல் குனிந்து போனைப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு அவன் கதவைத் தட்டி அந்த மாத்திரையைக் கேளுங்கள். வாங்கி விழுங்கி, அவன் கேபினிலேயே திருப்பிக் கொடுங்கள்.

9. படகில் தாவுங்கள்

தீவைச் சுற்றிப் பவளத்திட்டு. பெரிய கப்பல் உள்ளே போக முடியாது. வெளியே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து சிறு படகுக்கு மாற வேண்டும். அலை படகை மேலே தூக்கும் நொடியில் படகுக்காரர் கைநீட்டி இழுப்பார். அந்த நொடிக்கு உங்கள் இரண்டு கையிலும் ஏதாவது இருக்கட்டும். ஒன்றில் போன், மற்றதில் பாக்கி பரோட்டா.

10. தீவைப் பார்த்து ஏமாறுங்கள்

36 தீவுகள், மொத்த நிலப்பரப்பே 32 சதுர கிலோமீட்டர், மக்கள் வாழ்வது 10 தீவுகளில். இறங்கிய பத்தாவது நிமிடம் கேளுங்கள்: "இங்க பாக்கறதுக்கு என்னடா இருக்கு?" கண்ணாடிபோல் தெளிந்த காயலில் ஆமை போவதை அவன் காட்டினால், "நம்ம பாம்பன்லயும் இதே கடல்தான்" என்று சொல்லுங்கள். நீங்கள் பாம்பனில் கடலில் இறங்கியதில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2005இல் தொடங்கியது. ஆழ்கடலின் குளிர்ந்த நீரையும் மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரையும் வைத்துச் செய்கிற வித்தை. அதை அமைத்தது சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். இதை அவன் பெருமையாகச் சொல்லும்போது கொட்டாவி விடுங்கள். பிறகு கால் கழுவ எத்தனை வாளி தண்ணீர் கிடைக்கும் என்று கேளுங்கள்.

மினிக்காயில் 1885இல் கட்டிய கலங்கரைவிளக்கம். பாதிப் படியில் உட்கார்ந்து பின்னால் வருபவர்களை மறியுங்கள். சூரை மீனை அவித்துப் புகைபோட்டு உலர்த்துவதைக் காட்டுவார்கள். தூத்துக்குடிப் பக்கம் மாசி என்று விற்பதுதான். "நம்மூர்லயே கிடைக்குமே" என்று சொல்லிவிட்டு மூன்று கிலோ வாங்கி, எல்லோரும் தூங்கும் கேபினில் திறந்து வையுங்கள்.

கரையில் கிடக்கும் பவளத்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ள ஆசை வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுத்தால் குற்றம். யார் பெட்டியில் வைப்பது என்று இனிமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

11. வராதவர்களை மறக்காதீர்கள்

கொச்சிக்கும் தீவுகளுக்கும் இடையே கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுகளில் இப்போது வேகமாக இணையம் கிடைக்கிறது. இத்தனை பெரிய ஏற்பாடு வீணாகக் கூடாது. விலகிய ஏழு பேருக்கும் மணிக்கு நாற்பது படம் அனுப்புங்கள். எல்லாவற்றிலும் ஏற்பாட்டாளன் இல்லாதிருக்கட்டும். படம் எடுத்தது அவன்தானே.

12. கணக்கை முடியுங்கள்

ஊர் திரும்பிய மறுநாளே அவன் எக்செல் அனுப்புவான். "போன்ல ஓபன் ஆகல" என்று எழுதுங்கள். பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவான். "எழுத்து சின்னதா இருக்கு." பெரிதாக்கி, உங்கள் வரிக்கு மஞ்சள் அடித்து அனுப்புவான். இரண்டு நீல டிக் விழட்டும். நான்கு நாள் அமைதியாக இருங்கள். ஐந்தாம் நாள் காலை, குழுவில் எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள்: "வெலிங்டன் வாசல்ல டீ ஒன்பதுன்னு போட்டிருக்கே மச்சி. எட்டுதான். நான் அன்னிக்கு டீயே குடிக்கல, உன்னோடதுல ரெண்டு வாய் வாங்குனதோட சரி."