வேர்ட்பிரஸ் எத்தன ஜி.எஸ்.எம்.முங்க?

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளியைக் கல்யாணக் கூட்டத்தில் அடையாளம் காண்பது சுலபம். நாம் கும்பிட்டால் அவரும் கும்பிடுவார். கை கீழே இறங்கும் வழியில் நம் டி-ஷர்ட்டின் ஓரத்தை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்க்கும். "நூத்தி அறுவதுங்களா?" என்பார். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற ஜி.எஸ்.எம். கணக்கு அது. வீட்டுக்குப் போய் எடை போட்டால் நூற்று அறுபதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அந்த விரலுக்கு அகப்படாத சரக்கு ஒன்றே ஒன்றுதான். வெப்சைட்.

பனியன் கம்பெனிகளின் வெப்சைட்டுக்கு இங்கிலீஷில் 'எங்களைப் பற்றி' எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். ஆகவே இந்தக் காட்சியைப் பல ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன். சுவரில் ஏழுமலையான், பக்கத்தில் மாலையோடு அப்பா. மேஜையில் சாம்பிள் பீஸ், ஷேட் கார்டு, துணியை வட்டமாக வெட்டும் கட்டர், சின்னத் தராசு. ஜெர்மனிக்காரப் பையர், "சர்டிபிகேட்டெல்லாம் உங்கள் வெப்சைட்டில் எங்கே?" என்று மெயில் போட்டிருப்பார். உடனே கமிட்டி கூடும். முதலாளி, கணக்குப் பார்க்கும் மச்சினன், கோவையில் எம்.பி.ஏ. படித்த மகன், மெர்ச்சண்டைசர் பொண்ணு, லேப்டாப்போடு ஒரு வெப்சைட் தம்பி. ஓரமாக நான்.

அப்படி ஒரு கமிட்டியில் தம்பி ஆரம்பித்தார். முன்பெல்லாம் வெப்சைட்டில் ஒரு போன் நம்பரை மாற்றக்கூட கோடு தெரிந்தவன் வர வேண்டும். இப்போது கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வந்துவிட்டது. டிசைன் தனி, சரக்கு தனி. பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

"நாங்களே மாத்திக்கலாம்னா, உனக்கு எதுக்குத் தம்பி காசு?" என்றார் முதலாளி.

தம்பி தண்ணீர் குடித்துவிட்டு வேர்ட்பிரஸுக்கு வந்தார். 2003-ல் வந்தது, உலகத்து வெப்சைட்டுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இதில்தான் ஓடுகிறது, இலவசம்.

கடைசி வார்த்தையில் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சும்மா குடுக்கற சரக்குல சுருக்கம் இருக்குமுங்க. மொத தண்ணியிலயே தெரிஞ்சுரும்."

அவர் சொன்னது முக்கால்வாசி சரி. மென்பொருள்தான் இலவசம். வெப்சைட் பெயருக்கு வருஷா வருஷம் பணம், அது தங்கும் இடத்துக்கு வாடகை, நல்ல ப்ளக்-இன் என்றால் அதற்கும் சந்தா.

"ப்ளக்-இன்னுன்னா?"

தம்பி திணறவே நான் வாயைத் திறந்தேன். "நம்ம தொழில்தானுங்க. நிட்டிங் ஒரு பக்கம் குடுக்கறீங்க. சாயம் வேற பட்டறை, காம்பாக்டிங் வேற, பிரிண்டிங்கும் எம்ப்ராய்டரியும் வேற வேற. கட்டிங்கும் தையலும் மட்டுந்தான் நம்ம கம்பெனி. மத்ததெல்லாம் ப்ளக்-இன்."

முதலாளி முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் வாடியது. "ஏனுங் வாத்தியாரே, அப்ப சாயப்பட்டறைய இழுத்து மூடிட்டா?"

2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஊரே ஈரோட்டுக்கும் வடக்கேயும் துணியைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் அவர் கண்ணில் தெரிந்தது. எழுதினவன் ப்ளக்-இன்னைக் கைவிட்டுவிட்டால் என்ன கதி என்பது கம்ப்யூட்டர் படித்தவர்களே கேட்க மறக்கிற கேள்வி. தம்பியிடம் பதில் இல்லை.

மகன் ட்ரூப்பல் என்றான். காலேஜில் யாரோ உயர்த்திச் சொல்லியிருக்கிறார்கள். பெல்ஜியத்துக்காரர் 2001-ல் வெளியிட்டது. பெரிய பெரிய அரசாங்கத் தளங்களைத் தாங்கக்கூடியது. ஆறு தையல் லைன் வைத்திருக்கும் கம்பெனிக்கு அது சின்ன ஊருக்குச் சிமெண்ட் ஆலை. மச்சினனுக்கு யூடியூபில் விளம்பரம் பார்த்த நாளிலிருந்து விக்ஸ். "தலைவலித் தைலமா?" என்று முதலாளி கேட்டதோடு அது முடிந்தது. ஷாப்பிஃபை மாசா மாசம் பணம் கேட்கும். "ஒத்தப் பீஸ் விக்கறதுக்கு நான் என்ன காதர்பேட்டையில கடையா வெச்சிருக்கறன்?" நியாயம்தான். நாலு பையருக்குக் கன்டெய்னர் கணக்கில் அனுப்புகிறவருக்குக் கூடையும் பில்லும் எதற்கு? ஜூம்லா மட்டும் கொஞ்சம் தாக்குப் பிடித்தது. அந்தப் பெயர் வந்த சுவாஹிலி வார்த்தைக்கு 'எல்லாம் சேர்த்து' என்று அர்த்தம், மொத்த வியாபாரத்துக்கும் அதே வார்த்தைதான் என்று நான் எடுத்துவிட்டதில் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

மெர்ச்சண்டைசர் பொண்ணு கடைசிவரை பேசவில்லை. பையருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தது.

இப்படி மூன்று மாதம், மூன்று கமிட்டி. ஒவ்வொன்றிலும் டீ, முறுக்கு, "1978-ல இத்தாலிக்காரப் பையர் வெரோனா வெப்சைட்டப் பாத்துட்டா திருப்பூர் வந்தாரு?" என்ற அதே கேள்வி. எதை வாங்கினாலும் வாரத்துக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கப்போவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அட்வான்ஸ் வந்துவிட்டது.

கடைசியில் முதலாளி, கவுண்டர் சாம்பிள் பார்க்கும் குரலில் கேட்டார்: "எதுத்த கம்பெனிக்காரன் எதுல போட்டிருக்கறான்?"

"வேர்ட்பிரஸ்லீங்க."

"அதுலயே போடு. கலர மட்டும் மாத்திப் போடு."

போட்டாயிற்று. முகப்பில் இரண்டு வெள்ளைக்காரக் குழந்தைகள் சிரிக்கின்றன. அவை போட்டிருக்கும் சட்டை நம் ஜில்லாவில் தைத்ததில்லை. 'எங்கள் தொலைநோக்கு' என்ற பத்தியை நான் ஏற்கெனவே பதினோரு கம்பெனிக்கு விற்றிருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றினேன். 'புதிய செய்திகள்' பக்கத்தில் என்றோ போட்ட பொங்கல் வாழ்த்து இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் முதலாளி கூப்பிட்டார். சர்டிபிகேட் புதுப்பித்தாயிற்று, வெப்சைட்டில் பழசே தொங்குகிறது, பையர் கேட்கிறார். மாற்ற வேண்டுமென்றால் பாஸ்வேர்டு வேண்டும். அது வெப்சைட் தம்பியிடம் இருக்கிறது. தம்பி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்; நம்பரையும் மாற்றிவிட்டார்.

பெங்களூரில் இருக்கிறவர்கள் யாராவது, கொங்குத் தமிழ் பேசும் ஒல்லியான பையன், பேச ஆரம்பிக்குமுன் தண்ணீர் குடிப்பவன் ஒருவனைப் பார்த்தால், முதலாளி தேடுவதாகச் சொல்லுங்கள். பாக்கிப் பணத்தையும் தந்துவிடுகிறாராம்.