பேய்க்கும் புளோக் எண் வேண்டும்

சிங்கப்பூரில் திகில் கதை எழுதுபவருக்கு முதல் தட்டுப்பாடு இருட்டு. புளியமரம், பாழுங்கிணறு, ஊரெல்லைச் சுடுகாடு எனத் தமிழ்நாட்டுக் கதைகள் காலங்காலமாக வைத்திருக்கும் சரக்கு இங்கே விலைபோகாது. சிராங்கூன் சாலையின் விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவிலும் பேய்க்குக் கண் கூசும். ஆகவே இவ்வூர்க் கதை இருட்டை விட்டுவிட்டு விலாசத்தைப் பிடித்துக்கொண்டது.

விலாசத்தின் வலிமைக்கு உட்லீ ரயில் நிலையம் சான்று. வடகிழக்குப் பாதை 2003இல் ஓடத் தொடங்கியபோதே நிலையம் கட்டி முடிந்திருந்தது. அக்கம்பக்கத்தில் ஆள் குறைவு என்று பூட்டியே வைத்தார்கள். லிட்டில் இந்தியாவில் ஏறி வடக்கே போனவர்கள் 2011 வரை அதை நிற்காமலே கடந்தார்கள். அருகில்தான் பிடாடாரி இடுகாடு. லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை 2001 முதல் 2006 வரை தோண்டி அகற்றினார்கள். அத்தனை பேரும் இருந்தும் 'ஆள் குறைவு'தான். எழுத்தாளர் இதில் சேர்க்க வேண்டியது ஒரே வரி: ஒருநாள் ரயில் அங்கே நின்றது. 'ரத்தம் உறைய', 'குலை நடுங்க' என்று அடைமொழி சேர்ந்தால் கதை கெட்டது.

1989 முதல் தொடர்ந்து வெளிவந்த ரஸ்ஸல் லீயின் பேய்க்கதைத் தொகுப்புகளும் இந்த வழியில்தான் விற்றன. கண்டவர் சொன்னதுபோல் கதை; முகமூடி போட்டிருப்பவர் ஆசிரியர். பேயைவிட எழுத்தாளரே மறைந்து வாழ்வது வியாபாரத்துக்கு நல்லது போலும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டிலும் திகில் கதைக்கான வசதி குறைந்துவிட்டது. பழைய புளோக்குகளில் மின்தூக்கி சில தளங்களில் மட்டுமே நின்றது. மிச்சத்தைப் படியேற வேண்டும். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டம் அதைப் பெரும்பாலும் சரிசெய்தது. குடியிருப்பாளர் மகிழ்ந்தார்கள், இருட்டுப் படிக்கட்டை நம்பியிருந்த எழுத்தாளருக்கு நஷ்டம்.

பேயின் இனத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். புளோக்குகளில் இன ஒதுக்கீடு 1989இல் வந்தது. பேய்கள் அதற்கு முன்பே கலந்துவிட்டன. மலாய்ப் பேயான பொந்தியானாக்கை 1957இல் திரைக்குக் கொண்டுவந்தவர் கேரளத்தில் பிறந்த பி. என். ராவ். எனவே சீன வீட்டுக் கதவை நம்மூர் முனி தட்டலாம். தட்டுவதற்குமுன் செருப்பைக் கழற்றினால் வாசகர் இன்னும் நம்புவார்.

முடிவில் பூசாரியை அழைத்து விரட்டுவது பழைய பழக்கம். விரட்டப்பட்ட பேய் அதே தளத்தில் அடுத்த வீட்டுக்குக் குடிபோவதாயிருந்தால் மட்டும் அவரை அழைக்கலாம்.