சாக்குத்துணிக்குப் பயந்த சர்வாதிகாரி

கேள்வி: துப்பாக்கி ஏந்திய ராணுவத்தை ஊசியும் நூலும் என்ன செய்துவிட முடியும்?

பதில்: ஒன்றும் செய்யாதென்றால், சிலி நாட்டில் சர்வாதிகாரி பினோசெட்டின் ஆதரவாளர்கள் வெறும் சாக்குத்துணியைப் பார்த்து ஏன் பதறினார்கள்? 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் கணவனையும் மகனையும் பறிகொடுத்த சான்டியாகோ பெண்கள், கத்தோலிக்கத் திருச்சபையின் நிழலில் கூடி, சாக்கின்மேல் கந்தல்களை வைத்துச் சித்திரம் தைத்தார்கள். பெயர் ‘அர்பியேரா’. மேலே ஆண்டிஸ் மலை, பளிச்சென்று சூரியன். கீழே ‘எங்கே இருக்கிறார்கள்?’ என்ற பதாகையோடு பெண்கள். சிலர் காணாமல்போனவரின் சட்டையையே கத்தரித்துத் தைத்தார்கள். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

கேள்வி: அதை விற்றார்களாமே! துக்கத்தையுமா விற்பது?

பதில்: அடுப்பு எரிய வேண்டாமா? சம்பாதிக்கிற ஆளைத்தானே பினோசெட்டின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்! ரகசியமாக வெளிநாடு போன அந்தத் துணிகள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டன. உள்ளூர்ப் பத்திரிகைகள் வாய் திறக்காத சேதியை உலகத்துக்குச் சொல்லின. பினோசெட் 1990-ல் பதவி இறங்கினார். காணாமல்போனவர்களைத் தேட அரசு ஒரு தேசியத் திட்டம் அறிவித்ததோ 2023-ல். அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் கண்மூடிவிட்டார்கள். இந்தத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.