சிக்கன யாத்திரை

ப்ளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்ப சமேதராய்ச் செல்ல உத்தேசிக்கும் அமெரிக்க கிருகஸ்தன், அற்ப வருமானமுடையவனாயினும் அதைரியப்பட வேண்டியதில்லை. மூன்று வயது நிரம்பாத சிசுக்களுக்கு அங்கே நுழைவுக் கட்டணமே இல்லையென்னும் நிர்வாகத்தின் ஜீவகாருண்யத்தை அவன் முதலில் ஸ்மரிக்கக் கடவன். பத்து வயது பூர்த்தியானால் பெரியவர் கட்டணம். வாக்குரிமைக்குப் பதினெட்டு வரை காக்க வைக்கும் அரசாங்கத்துக்கு இந்தப் பரந்த மனம் ஏது?

1999 முதல் இனாமாய்க் கிடைத்த, வரிசையைத் தாண்டும் சீட்டு 2021-இல் விலைப் பொருளானதும் பரம க்ஷேமமே; நிற்பதற்கொரு கட்டணம், நில்லாதிருக்க வேறொரு கட்டணம் என்றானபின், ஏழையானவன் கொடுத்த காசுக்குப் பூரண பலனாக நாள் முழுதும் நின்றே ஆனந்திக்கலாம்.

ஆகவே, கட்டணமற்ற சிசுவை மட்டும் அனுப்பிவிட்டு ஏனையோர் வீட்டிலிருப்பதே உத்தம சிக்கனம். பதினான்கு வயதுக்குட்பட்டோர் துணையின்றிப் பிரவேசிக்கலாகாது என்ற விதியொன்றே தடை. துணைக்குப் போகும் பாக்கியம் யாருக்கு என்று தம்பதிகள் நியாயஸ்தலம் ஏறினால் அதுவும் தீர்ந்துவிடும். என்ன, தீர்ப்பு வரச் சற்றுத் தாமதமாகலாம். இரு தரப்பு வக்கீல்களும் குடும்பத்தோடு ப்ளோரிடா போயிருப்பார்கள், வரிசையில் நில்லாத சீட்டுடன்.